கவராயத்தால் வரைய முடியாத வட்டம்

அன்று பின்னேரம் துவாரகா அக்காவுக்கு ஒரு படம் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வாசிகசாலையில் வைத்திருந்த நிலநடுக்கப் பெட்டி மத்தியானம் பதிந்த கோட்டின் படம் அது. அக்கா டெங்குக் காய்ச்சலோடு ஆசுபத்திரியில் இருந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, இரண்டொரு நாளில் வீட்டுக்கு விடுவார்கள் என்று முதல் நாள்தான் குரல் செய்தி போட்டிருந்தார். தொலைபேசி அடித்தது. திரையில் அவருடைய பெயர் விழுந்தது.

எடுத்த உடனேயே, "அக்கா, பாத்தனீங்களோ? பூச்சியத்துக்கு மேலை போட்டுது!" என்றேன்.

பின்னால் யாரோ வண்டிலைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் அம்மாவின் குரல் வந்தது. அவர் அழவில்லை.

"பிள்ளை, ஆருக்கு முதல் சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்லை. அவளின்ரை போனிலை கடைசியா உன்ரை பேர்தான் கிடந்தது" என்றார்.

பிள்ளையை இழந்த ஒரு தாய்க்கு நான் சொன்ன முதல் வார்த்தை "பூச்சியத்துக்கு மேலே போய்விட்டது" என்பது. அக்கா உயர்தரப் பரீட்சை எழுத இருந்தவர். காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டுமாம். ஆசுபத்திரியில் அதைச் சொன்னார்களாம். எனக்குத் தெரியாது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று கேட்டுச் சந்தோசப்பட்டேன்.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் கிரியை முடிந்து, வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்களுக்கு ஒரு நினைவு மலர் கொடுப்பார்கள். அதற்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்லி அக்காவின் அம்மா என்னைக் கேட்டார். "நீதானே அவளோடை சுத்தித் திரிஞ்சனி. மற்ற ஆக்கள் அவள் கெட்டிக்காரி எண்டு எழுதுவினம். நீ அவள் என்ன செய்தவள் எண்டு எழுது" என்றார். எல்லாரும் படுத்த பிறகு, அப்பா கண்டுவிடுவாரோ என்ற பயத்தோடு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏன் ஒளித்து எழுதுகிறேன் என்பதும் அக்கா என்ன செய்தார் என்பதற்குள்தான் வருகிறது.

அக்காவைத் தெரிந்தவர்கள் பலருக்கு அந்தப் பெட்டிகளைப் பற்றித் தெரிந்திருக்காது. கொழும்பிலிருந்து வந்த ஓர் ஆய்வுக் குழு எங்கள் பாடசாலை விஞ்ஞான மன்றத்துக்கு மூன்று பெட்டிகளைத் தந்தது. சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே காந்தமும் கம்பிச் சுருளும். நிலம் மெல்ல அசைந்தாலும் ஒரு கோடு துள்ளும். அதைக் கணினியிலோ தொலைபேசியிலோ பார்க்கலாம். முதல் மாதம் மன்றமே கூடி நின்று பார்த்தது. பிறகு கிரிக்கெட் தொடங்கியது. மிஞ்சியது உயர்தர வகுப்பில் துவாரகா அக்காவும் பதினோராம் ஆண்டில் நானும்தான். டியூசனில் எங்களைப் 'பூகம்பச் சோடி' என்றார்கள். நாங்கள் உள்ளே போனால் பெடியன்கள் வாங்கிலைப் பிடித்துக்கொண்டு நடுங்குவது போல நடிப்பார்கள். அக்கா அவர்களைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கூட நடுங்குங்கோடா, அளக்கக் காணாது" என்பார்.

ஒரு பெட்டியைச் சுன்னாகத்தில் அக்கா தன் வீட்டில் வைத்தார். இன்னொன்றை வல்வெட்டித்துறையில் அவருடைய சித்தி வீட்டில் வைத்தோம். மூன்றாவதை எங்கள் வீட்டில் வைக்கத்தான் நினைத்தோம். அப்போது எங்கள் வீட்டில் பின் அறை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. மேசன்மார் கல் உடைக்கிற சத்தத்தில் பூமி பேசுவது கேட்காது என்று அதை வாசிகசாலையில் பழைய பத்திரிகைகள் அடுக்கிய அறைக்குள் வைத்தோம்.

ஒரு பெட்டி அசைவு எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று மட்டும்தான் சொல்லும். அது எப்படி என்பதைச் சுன்னாகம் சந்தையிலிருந்து சைக்கிளில் வந்த ஒரு நாளில்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து விளங்கிக்கொண்டோம். அக்கா ஓடுவது அவருடைய அப்பாவின் உயரமான ஆண்கள் சைக்கிள். நான் ஓடுவது சங்கிலி கழலுகிற சின்னச் சைக்கிள். வெங்காய மூட்டை ஏற்றிய லொறிகளுக்கு இடையால் ஒன்றாகத்தான் புறப்பட்டோம். நான் எங்கள் வீட்டுப் படலைக்கு வந்து சேர்ந்தபோது அக்கா மதிலில் ஏறி இருந்து தேசிக்காய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னை விட்டிட்டு வந்திட்டியள்" என்றேன்.

அக்கா வாயில் இருந்ததை விழுங்காமலே கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். "கதைக்காதை, கதைக்காதை! நாங்கள் சந்தையடியிலை வெளிக்கிட்டம். பக்கத்துச் சந்தியிலை இருந்து வெளிக்கிட்டிருந்தா நீ எனக்குப் பின்னாலை எவ்வளவு நேரத்திலை வந்திருப்பாய்?"

"உடனை வந்திருப்பன்."

"கீரிமலையிலை இருந்து காரைநகர் போயிருந்தா?"

"நீங்கள் சாப்பிட்டுப் படுத்து எழும்பியிருப்பியள்."

"அவ்வளவுதானடி!" என்று மதிலிலிருந்து குதித்தார்.

நிலத்துக்குள் ஏதாவது உடையும்போது இரண்டு விதமான அலைகள் ஒன்றாகப் புறப்படுகின்றன. ஒன்று பாறையை நெருக்கி நெருக்கி வேகமாக வரும். மற்றது பாறையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு பின்னால் வரும். முதல் அலைக்கும் இரண்டாவது அலைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ, அவ்வளவு தூரத்தில் அது நடந்திருக்கிறது. வரைபடத்தில் பெட்டி இருக்கும் இடத்தில் கவராயத்தின் முள்ளைக் குத்தி, அந்தத் தூரத்துக்கு விரித்து ஒரு வட்டம் போடலாம். அந்த வட்டத்தின் மேல் ஏதோ ஓரிடத்தில்தான் அது நடந்தது. இரண்டாவது பெட்டிக்கும் ஒரு வட்டம் போட்டால் இரண்டு வட்டங்களும் இரண்டு இடத்தில் வெட்டும். அந்த இரண்டில் எது என்று சொல்வதற்குத்தான் மூன்றாவது பெட்டி வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தது உலகத்தில் நாங்கள்தான் என்பது போல அன்று இருவரும் முற்றத்தில் நின்று துள்ளினோம். அது எல்லாப் புத்தகத்திலும் இருந்தது.

எவ்வளவு பெரிய நடுக்கம் என்று அளக்கக் கற்றது சிதறு தேங்காயால். வாசிகசாலைக்குப் பக்கத்தில் பிள்ளையார் கோவில். தேர் அன்று நான் கூட்டத்துக்குள் நிற்கும்போது அக்கா சுன்னாகத்திலிருந்து தொலைபேசி எடுத்தார். "மயூரி, உங்கடை ஊர் அதிருது! ஒண்டு, ரெண்டு இல்லை, விடாமல் அதிருது! எல்லாரையும் வெட்டைவெளிக்குக் கூட்டிக்கொண்டு ஓடு!" என்று கத்தினார்.

"அக்கா, ஒண்டும் கேக்கேல்லை. இஞ்சை தேங்காய் அடிக்கினம்!"

"என்னது?"

"தேருக்கு முன்னாலை சிதறு தேங்காய் அடிக்கினம்! என்ரை பாவாடை முழுக்க இளநீர்!"

அக்கா "பிள்ளையாரே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஆனால் அடுத்த நாள் காலை ஓர் உரப்பையோடு எங்கள் ஊருக்கு வந்து நின்றார். கோவிலில் மிஞ்சின தேங்காய்களைக் கேட்டு வாங்கினார். வாசிகசாலை யன்னலுக்குக் கீழே ஒரு தேங்காயைத் தலைக்கு மேலிருந்து போட்டார். கோடு பெரிதாகத் துள்ளியது. அதே தேங்காயை எடுத்துக்கொண்டு போய் ஒழுங்கை முடிவில் அதே உயரத்திலிருந்து போட்டார். கோடு சும்மா நெளிந்தது. தூரம் கூடக் கூடத் துள்ளல் எப்படிக் குறைகிறது என்று நான் உள்ளே இருந்து பார்த்துச் சொன்னேன். ஒழுங்கையால் போனவர்கள் எங்களுக்கு ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தார்கள்.

அன்று அக்கா சொன்னதை நான் மறக்கவில்லை. "கிட்ட நிண்டு முணுமுணுக்கிறவனும் தூர நிண்டு கத்திறவனும் காதுக்கு ஒரே சத்தமாத்தான் கேக்கும். தூரத்தைக் கணக்கிலை எடுத்தாத்தான் ஆர் கத்தினவன் எண்டு பிடிக்கலாம்." நடுக்கத்தின் அளவு என்பது அதுதான். கோடு எவ்வளவு துள்ளியது என்று பார்த்து, தூரத்தால் குறைந்ததைச் சேர்த்து, உடைந்த இடத்தில் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று கணிப்பது. அந்த அளவில் ஒரு படி ஏறினால் அசைவு பத்து மடங்கு. ஒரு படி இறங்கினால் பத்தில் ஒன்று. இறங்கிக்கொண்டே போனால் பூச்சியம் வரும். பூச்சியத்தோடு நின்றுவிடாது. சய ஒன்று, சய இரண்டு என்று பூச்சியத்துக்குக் கீழேயும் நடுக்கங்கள் இருக்கின்றன. "பூச்சியம் எண்டா ஒண்டுமில்லை எண்டு ஆர் சொன்னது? எங்களுக்குக் கேக்கேல்லை எண்டுதான் அர்த்தம்" என்பார்.

அக்காவின் வாழ்க்கையில் அவர் வெட்கப்பட்ட விடயம் ஒன்றுதான். அதையும் எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் பிறகு அதைச் சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் சொன்னவரே அவர்தான். ஒரு நாள் சுன்னாகப் பெட்டியும் வல்வெட்டித்துறைப் பெட்டியும் நல்ல பெரிய நடுக்கம் ஒன்றைப் பதிந்தன. எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை, வாசிகசாலைப் பெட்டி செத்துக் கிடந்தது. இரண்டு வட்டம் போட்டோம். ஒரு வெட்டு வடக்கே கடலுக்குள். மற்ற வெட்டு தெற்கே தோட்டங்களுக்குள். தோட்டத்துக்குள் என்ன பூகம்பம் என்று கடலைத் தெரிவு செய்தோம். அக்கா சித்தியிடம் ஒரு வார்த்தை சொன்னார். சித்தி பக்கத்து வீட்டுக்குச் சொன்னார். வல்வெட்டித்துறையில் சுனாமியைக் கண்ட சனம். பொழுதுபடுவதற்குள் ஒரு ஒழுங்கையே பிள்ளைகளையும் நகைகளையும் சட்டிபானைகளையும் தூக்கிக்கொண்டு உள்ளுக்கு நடந்தது.

அடுத்த நாள்தான் தெரிந்தது. அந்தத் தோட்டக் கிராமத்தில் யாரோ புதுக் கிணறு வெட்டுகிறார்கள். சுண்ணாம்புக்கல் பிளக்க ஒரேயடியாகப் பெரிய வெடி வைத்திருக்கிறார்கள்.

அக்கா சித்தி வீட்டுக்குப் போய் அந்த ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டுப் படலையாகத் தட்டி மன்னிப்புக் கேட்டார். நானும் பின்னால் போனேன். ஒரு வீட்டில் வயதான ஐயா ஒருவர், "பறவாயில்லைப் பிள்ளை, மனுசி இவ்வளவு வேகமா நடப்பாளெண்டு நேற்றுத்தான் எனக்கும் தெரியும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் என்னிடம், "ரெண்டு பெட்டியை வைச்சுக்கொண்டு இனி நான் வாயைத் திறக்கமாட்டன். மூண்டும் சொன்னாத்தான். அதுவும் எவ்வளவு பிழைக்கலாம் எண்டதையும் சேத்துத்தான் சொல்லுவன்" என்றார்.

இந்த மாரி தொடங்கி மழை அடித்து ஊற்றிய கிழமையில், வாசிகசாலைப் பெட்டியில் மட்டும் சின்னச் சின்னத் துள்ளல்கள் வருவதை நான் கண்டேன். மற்ற இரண்டு பெட்டிக்கும் அவை எட்டவே இல்லை. முதல் அலையும் இரண்டாவதும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு வந்தன. அப்படியென்றால் மிக அருகில். கோவிலில் திருவிழா இல்லை, கிணற்று வெடி இல்லை. அளவு சய ஒன்று. அக்கா சுன்னாகத்துப் பெட்டியைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அதை ஊரின் மற்றப் பக்கத்தில் பாலர் பாடசாலைக்குள் வைத்தோம். அடுத்த மழைக்கு இரண்டு பெட்டியும் பதிந்தன. வரைபடத்தை வாசிகசாலை மேசையில் விரித்து இரண்டு வட்டம் போட்டோம். ஒரு வெட்டு ஆளில்லாத பனங்காணிக்குள் விழுந்தது. மற்றது எங்கள் வளவுக்குள், புதிதாகக் கட்டிய பின் அறையில் விழுந்தது.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பென்சிலைத் தலைமயிருக்குள் செருகிவிட்டு, "பனங்காணியா இருக்கும்" என்றார். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. அந்த ஒரு தடவைதான் முயன்று பார்த்தார்.

எங்கள் நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்து கீரிமலைக் கேணியில் குளிக்கிறோம். பக்கத்தில் உப்புக் கடல் அடிக்க, கேணிக்குள் நல்ல தண்ணீர் ஊறி வருகிறது. எங்கெங்கோ பெய்த மழை கல்லைக் கரைத்து வழி செய்துகொண்டு நிலத்துக்குள்ளால் வருகிறது. வழி இருந்தால் வெற்றிடம் இருக்கும். வெற்றிடத்துக்கு ஒரு கூரை இருக்கும். அந்தக் கூரையிலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கழன்று விழுந்தால் கோடு இப்படித்தான் துள்ளும்.

அக்கா நேரே அப்பாவிடம் போனார். அப்பா பின் அறைக்குப் பூசிய நிறத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அறையில் ஒவ்வொரு கல்லையும் அவர் தானே தெரிந்து வாங்கியவர். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அப்பா முதலில் சிரித்தார்.

"எடி பிள்ளையள், முதல் தேங்காயைப் பூகம்பம் எண்டியள். பேந்து கடலுக்கை எண்டியள், வல்வெட்டித்துறையிலை சனம் சட்டிபானையோடை ஓடினது. இப்ப என்ரை வளவோ? அடுத்த முறை என்ரை மண்டைக்குள்ளை எண்டுவியள்."

"மாமா, நான் உங்கடை வளவு எண்டு சொல்லேல்லை. உங்கடை வளவு, இல்லாட்டிப் பனங்காணி. மூண்டாவது பெட்டியை இந்த அறைக்குள்ளை வைக்க விடுங்கோ. இல்லையெண்டு வந்தா நிம்மதிதானே."

"ஓம் எண்டு வந்தா?"

அப்பா குரலைத் தணித்தார். "பிள்ளை, இந்த வீடு பெரியவளின்ரை பேருக்கு எழுதியாச்சு. தை பிறந்தாக் கலியாணம். வீட்டுக்குக் கீழை பொந்து இருக்காம் எண்டு ஒரு வாய்க்குள்ளாலை போனாக் காணும், மாப்பிள்ளை வீட்டுக்காரர் பந்தலுக்குக் கால் நட முதல் வேண்டாமெண்டிட்டுப் போடுவினம். பேந்து என்ரை பிள்ளையின்ரை பேரை ஆர் தூக்கி நிறுத்திறது? உந்தக் கதை இந்தப் படலைக்கு வெளியிலை போகக்கூடாது. ஓமோ?"

"ஓம் மாமா" என்றார் அக்கா.

படலைக்கு வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "மாமாவிலை பிழையில்லையடி. ரெண்டு பெட்டிதானே சொல்லுது" என்றார். ஏறி உட்கார்ந்த பிறகு திரும்பிப் பார்த்தார். "சித்தி வீட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாறன். மூண்டும் சொன்னா நான் சொல்லுவன், ஆர் என்ன சொன்னாலும்."

அந்தக் கிழமையே அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது.

ஆசுபத்திரியிலிருந்து வந்த கடைசிக் குரல் செய்தி என் தொலைபேசியில் இருக்கிறது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொன்ன பிறகு ஒரு சின்ன இருமல். பிறகு, "மயூரி, சித்தியிட்டைச் சொல்லியிருக்கிறன், பெட்டியைக் கொண்டுவந்து தருவா. உங்கடை வீட்டுக்குள்ளையே வை. மாமா காணாத இடமாப் பாத்து வை. வேறை இடத்திலை வைச்சாத் திரும்பவும் வட்டம், திரும்பவும் சண்டை. வீட்டுக்குள்ளை வைச்சா ஒரே பதில்தான். இடைவெளி இருந்தாப் பனங்காணி. இல்லாட்டி…" அதோடு யாரோ வந்துவிட்டார்கள் போல. கடைசியில், "சாப்பிட்டனியோ?" என்று கேட்டு முடிகிறது.

செத்த வீட்டுக்கு நாங்கள் வெள்ளைச் சீருடையோடு வரிசையாகப் போனோம். மழை விட்டு விட்டுப் பெய்தது. அக்காவின் தலைமயிரை யாரோ நன்றாக எண்ணெய் வைத்து இழுத்து வாரிப் பின்னியிருந்தார்கள். பென்சில் செருகுவதற்கு இடமே இல்லாத மாதிரி. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை. அப்போது வல்வெட்டித்துறையிலிருந்து சித்தி பஸ்ஸில் வந்து இறங்கினார். அழுதபடி பெண்களுக்குள்ளால் வந்தவர், நேரே என்னிடம் வந்து கையிலிருந்த பையை நீட்டினார். அதற்குள் துவாயில் சுற்றியபடி மூன்றாவது பெட்டி.

"கொண்டுவந்து தரச்சொல்லிக் கேட்டவள் பிள்ளை. இண்டைக்குக் கொண்டு வாறன் எண்டு சொன்னனான். கொண்டு வந்திட்டன். இப்ப இதை ஆரிட்டைக் குடுக்கிறது?"

நான் வாங்கினேன். பறை அடிக்கத் தொடங்கியது. அந்தப் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றபோது, உள்ளே இருக்கும் காந்தம் அந்தப் பறைக்கு ஆடுவது எனக்குத் தெரிவது போல இருந்தது.

பின் அறையில் பெரியக்காவின் புதுக் கட்டிலுக்கு அடியில், கூறைப் பெட்டிக்குப் பின்னால் அதை வைத்தேன். பெரியக்கா என்றது என் சொந்த அக்கா. அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. முன் அறை முழுக்கக் கலியாணச் சாமான் என்று அவள் அப்போதே பின் அறையில்தான் படுத்தாள்.

மழைக்காகக் காத்திருந்தேன். மழை வரக்கூடாது என்றும் கும்பிட்டேன். மழை வந்தது. குசினியில் பெண்கள் கூடியிருந்து கலியாணத்துக்குப் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ச் சத்தம், சிரிப்பு, மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றிய பகிடி. திடீரென்று அம்மா தலையைத் தூக்கி, "ஆரடி அங்காலை கதவை அடிச்சுச் சாத்தினது?" என்றார்.

ஒருவரும் கதவைச் சாத்தவில்லை. பெரியக்கா என் பக்கத்தில் இருந்து மா குழைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று பெட்டியும் பதிந்திருந்தன. வாசிகசாலை வட்டம் முன்பு போலவே விழுந்தது. பாலர் பாடசாலை வட்டமும் அப்படியே. மூன்றாவதற்குக் கவராயத்தை எடுத்தேன். முதல் அலைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் இடைவெளியைத் தேடினேன். பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். இடைவெளியே இல்லை என்று சொல்லலாம். கவராயத்தை அவ்வளவு சிறிதாக விரிக்க முடியவில்லை. முள்ளும் பென்சிலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. வட்டம் விழவில்லை. எங்கள் வீட்டின் மேல் ஒரு புள்ளிதான் விழுந்தது.

அளவையும் கணக்குப் பார்த்தேன். மழை தொடங்கியபோது சய ஒன்று. அக்கா போன அன்று பூச்சியத்துக்குச் சற்று மேலே. இப்போது ஒன்றுக்குக் கிட்ட வந்துவிட்டது. முதலில் இருந்ததை விட ஏறத்தாழ நூறு மடங்கு. மூன்று கோடுகளையும் பெட்டிகளைத் தந்த குழுவுக்கு அனுப்பினேன். பதிவுகள் சரி, நீங்கள் கணித்த இடமும் சரியாகத்தான் தெரிகிறது, அந்த அறைக்குள் ஒருவரையும் படுக்க விடாதீர்கள், வீட்டுக்காரர் சம்மதித்தால் கருவிகளோடு வந்து தரையைச் சோதிக்கிறோம் என்று பதில் வந்தது. வீட்டுக்காரர் அப்பா.

நான் இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த ஒவ்வொரு தடவையும் பந்தல்காரரோ, சமையல்காரரோ, சம்பந்தி வீட்டுத் தொலைபேசியோ வந்துவிடுகிறது. வராத நேரத்தில் எனக்குக் குரல் வருவதில்லை. பெரியக்காவிடம் மட்டும், துவாரகா அக்கா போன பிறகு தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது, என்னோடு முன் விறாந்தையில் வந்து படு என்று கேட்டேன். பயமாக இருக்கிறது என்று சொன்னது பொய் இல்லை. அவள் பாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இப்போதும் என் பக்கத்தில்தான் நித்திரை கொள்கிறாள். காலில் மருதாணி வைத்துப் பழகிப் பார்த்திருக்கிறாள். நாளை அவள், எனக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போகலாம்.

துவாரகா அக்கா எனக்கு ஒன்றையும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அவருடைய சைக்கிளை அவருடைய அப்பா எனக்குத் தரப் பார்த்தார். எனக்குக் கால் எட்டாது என்று சொல்லிவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பஸ்ஸில் அவர் சொன்னதைத்தான். இரண்டு பெட்டி சொன்னால் வாயைத் திறக்காதே. மூன்றும் சொன்னால் சொல். சொல்லும்போது எவ்வளவு பிழைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்.

காலையில் இதை முதலில் அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பேன். பிறகு அக்காவின் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்பா கிழித்தால் திரும்பவும் எழுதுவேன். கீரிமலையிலிருந்து திரும்பி வந்து இந்த மலரை விரிக்கிற மாமாமார், மாமிமார், டியூசன் பெடியன்கள், மாப்பிள்ளை வீட்டுக்காரர் யாராவது வந்திருந்தால் அவர்களும், அக்காவைத் தெரிந்த எல்லாரும் இதை வாசியுங்கள். பெரியக்காவில் ஒரு பிழையும் இல்லை. அப்பாவிலும் பிழையில்லை. கல் கரைந்ததற்கு ஒருவரும் பொறுப்பில்லை.

இடம்: எங்கள் வளவில், பின் அறைக்குக் கீழே. பிழைக்கக்கூடிய அளவு: எங்கள் வீட்டின் அகலம். அளவு: ஒன்றுக்குச் சற்றுக் குறைவு, ஏறிக்கொண்டிருக்கிறது.

மூன்று பெட்டியும் சொல்லிவிட்டன, அக்கா. நான் வாயைத் திறக்கிறேன்.